சிதார் அவருடையது இல்லை. மதுரை எரிந்த கதை அவருடையது

ஜனவரி 19, ஒரு வாசகரின் கேள்வி

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி வினாடி வினாவில் ‘சிதாரைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘தனி ஒருவர் கண்டுபிடித்தது இல்லை’ என்று எழுதிவிட்டு வந்தான். தவறாம். சரியான விடை அமீர் குஸ்ருவாம். சிதார், தபலா, கவாலி, கயால், தரானா எல்லாமே அவர் கொடுத்தவை என்றுதான் நானும் எங்கெங்கோ படித்திருக்கிறேன். பையன் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். யார் சரி?

ஜனவரி 19, இரவு

பையன் சரி. வினாத்தாள் எழுதியவர் தவறு. ஆனால் அவருக்கு முன்னால் பலர் செய்த தவறு அது. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

டெல்லி சுல்தான்களின் அவைக் கவிஞரான அமீர் குஸ்ரு பிறந்தது 1253, இறந்தது 1325. சிதார் என்ற கருவி டெல்லியில் தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில், முகலாய அரசர் முகமது ஷாவின் காலத்தில். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் குஸ்ரு கான். கயால் என்ற இந்துஸ்தானிப் பாடல்களில் ‘சதாரங்’ என்று முத்திரை வைத்த நியாமத் கானின் சகோதரர் அவர். பெயர் ஒன்றாக இருந்தது போதாதா? சின்னக் குஸ்ருவின் வரவைப் பெரிய குஸ்ருவின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். நடுவில் நானூறு ஆண்டு இடைவெளி. நான் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். இப்படி ஒரு பதிவு எங்கள் பேரேட்டில் வந்திருந்தால் விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கும்.

தபலாவும் அதே 18ஆம் நூற்றாண்டுச் சரக்குதான். பக்காவஜ் மத்தளத்தை நடுவில் வெட்டி இரண்டாக்கினார் குஸ்ரு என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். ஒரு மிருதங்க வித்வானிடம் இதைச் சொன்னேன். ‘வெட்டின பக்கத்துக்கு என்ன செய்தாராம்?’ என்று கேட்டார்.

ஜனவரி 20, காலை

சூஃபிகளின் பாட்டான கவாலியை நேற்று விட்டுவிட்டேன். 1235இல் டெல்லியில் சூஃபி ஞானி குத்புதீன் பக்தியார் காக்கி இறந்ததே பாட்டுக் கேட்டபடிதான். ஒரு பாரசீக ஈரடியில் மனம் சிக்கி, அதையே திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, அந்தப் பரவசத்திலேயே உயிர் பிரிந்தது என்பது அவருடைய சிஷ்டி என்ற சூஃபி மரபினர் சொல்லும் வரலாறு. குஸ்ரு பிறப்பதற்கு அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. பாட்டுக் கேட்டு இறைவனை நினைக்கும் அந்த அவைக்கு ‘சமா’ என்று பெயர். குஸ்ரு அதற்குள் வந்து சேர்ந்தவர்.

ஜனவரி 20, இரவு

‘உங்களுக்கு இதில் என்ன வேலை?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் சிதம்பரத்துக்காரன். டெல்லியில் 11 வருடம் உத்தியோகம். போகல் பகுதியில் ஒரு மொட்டைமாடி அறை. அங்கிருந்து நிஜாமுதீன் தர்கா நடக்கிற தூரம். ஒரு வியாழக்கிழமை மாலை, அறையில் கரண்ட் இல்லை என்பதற்காகப் புறப்பட்டவன் நான். பக்தி, இசை ஆர்வம் எதுவும் காரணம் இல்லை. கபாப் புகை மண்டிய சந்துகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். (சைவம்.) செருப்பைத் தன் கடையில்தான் விட வேண்டும் என்று ரோஜாப்பூ விற்பவர்கள் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். உள்ளே நேராக சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் சமாதியை நோக்கி நடந்தேன். ஒரு பூக்காரப் பெரியவர் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினார். ‘முதலில் குஸ்ரு. பிறகுதான் ஹஸ்ரத்.’ அங்கே வழக்கம் அப்படி. சீடனிடம் சொல்லிவிட்டுத்தான் குருவிடம் போக வேண்டும். நந்தியிடம் உத்தரவு வாங்காமல் சுவாமியைப் பார்க்காத ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பிறகு முற்றத்தில் கவாலி. ஒரு வார்த்தை புரியவில்லை. புரிந்தது இரண்டு பெயர்கள்: ‘குஸ்ரு’, ‘நிஜாம்’. தியாகராஜர் கிருதியில் ‘தியாகராஜ’ என்று வந்தால் பாட்டு முடியப்போகிறது, எழுந்து காப்பிக்குப் போகலாம் என்று பழகியவன் நான். இங்கே ‘குஸ்ரு’ என்று வந்ததும் எழப் பார்த்தேன். அவர்கள் அப்போதுதான் சூடுபிடித்தார்கள். அந்த ஒரு வரியிலேயே இன்னும் கால் மணி நேரம்.

அதற்குப் பிறகு பதினொரு வருடமும் வியாழக்கிழமைகளில் நான் வேறெங்கும் போனதில்லை.

ஜனவரி 22

அவர் யார் என்று ஒழுங்காகச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஒழுங்காக எனக்கு வராது. எனக்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1285. முல்தான். குஸ்ருவுக்கு வயது 32. சுல்தான் பால்பனின் மூத்த மகன் இளவரசர் முகமதுவின் அவையில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறார். கவிஞர்கள் சூழ வாழ்ந்த இளவரசர் அவர்; ஷிராஸில் இருந்த பாரசீகக் கவிஞர் சாதிக்கே அழைப்பு அனுப்பியவர். சாதி, வயதாகிவிட்டது என்று மறுத்து, ‘அங்கேதான் குஸ்ரு இருக்கிறாரே’ என்று பதில் எழுதினாராம். அந்த ஆண்டு மங்கோலியர்கள் வருகிறார்கள். சண்டையில் இளவரசர் கொல்லப்படுகிறார். குஸ்ரு கைதியாகிறார்.

பிறகு நடந்ததை அவரே கவிதையாக எழுதியிருக்கிறார். தலையில் ஒரு பூவைக்கூடச் சுமக்காதவன் மேல் குதிரைச் சுமையை ஏற்றினார்கள். பிடித்தவன் குன்றின்மேல் சிறுத்தை உட்கார்ந்ததுபோல் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். அவன் வாய் நாற்றத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி. கடும் வெயில். வழியில் ஓர் ஓடை. அவனும் குதிரையும் தாகத்தில் மூச்சுமுட்டக் குடித்து அங்கேயே விழுந்து செத்தார்கள். குஸ்ரு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். பிழைத்தார். நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்.

இளவரசருக்காக அவர் எழுதிய இரங்கற்பாவைச் சொல்லிச் சொல்லி டெல்லி வீடுகளில் அழுதார்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எல்லா வீட்டிலும் ஒருவன் திரும்பி வரவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் பாட்டியாலி, இன்றைய உத்தரப் பிரதேசம். தந்தை துருக்கியர், தாய்வழி இந்தியர். சுமார் எட்டு வயதில் தந்தையை இழந்து தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். பால்பனின் உறவினர் ஒருவர், பிறகு பால்பனின் மகன்கள் இருவர், பிறகு அவத்தில் ஒரு பிரபு, பிறகு கைகுபாத், ஜலாலுதீன் கில்ஜி, அலாவுதீன் கில்ஜி, முபாரக் ஷா, கியாசுதீன் துக்ளக். எஜமானர்கள் மாறினார்கள், பலர் வெட்டுப்பட்டே மாறினார்கள். குஸ்ரு மாறவில்லை. 1296இல் அலாவுதீன் தன் தந்தையின் சகோதரரும் மாமனாருமான ஜலாலுதீனைக் கொன்று அரியணை ஏறினார். குஸ்ருவுக்கு ‘அமீர்’ பட்டமும் ஆண்டுக்கு 1,200 தங்கா நாணயமும் கொடுத்தவர் அந்த ஜலாலுதீன்தான். புதிய சுல்தானுக்கு வாழ்த்துப் பாடக் குஸ்ரு வெகுகாலம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 22, சற்றுப் பின்

மேலே கடைசி வரியில் குத்தல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சம்பளம் வாங்கியவன் நானும்தான். என் 11 வருடத்தில் ஆறு அதிகாரிகள் மாறினார்கள். ஆறு பேருக்கும் பிரிவுபசார உரை எழுதியவன் நான். அநேகமாக ஒரே உரை.

ஜனவரி 23

தரானா பற்றிக் கேட்டவருக்கு. ‘தனன தீம் த தானி’ என்று பொருளற்ற அசைகளைக் கொண்டு பாடுவது, நம் தில்லானாவுக்கு உறவு. அதையும் குஸ்ரு தலையில் கட்டுகிறார்கள்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு. அவருடைய ஒரு கவிதையில் ஓர் இசைக்காரன் வந்து, ‘இசைதான் உயர்ந்தது, கவிதையை எழுதி வைத்துவிடலாம், இசையை எழுத முடியாது’ என்று வாதிடுகிறான். குஸ்ரு பதில் சொல்கிறார்: எனக்கு இரண்டும் கைவரும். என் கவிதை மூன்று ஏடுகள் நிரப்பியது. எழுத முடிந்திருந்தால் என் இசையும் மூன்று ஏடுகள் நிரப்பியிருக்கும். ஆனால் ராகம் இல்லாமல் கவிதையைப் படித்தால் குறையொன்றும் இல்லை. சொல் இல்லாமல் பாடகன் எவ்வளவுதான் ‘ஹான் ஹான், ஹூன் ஹூன்’ என்று இழுத்தாலும் அதில் பொருள் இல்லை. கவிதை மணப்பெண், இசை அவள் நகை. நகை இல்லாமலும் மணப்பெண் அழகிதான்.

‘ஹான் ஹான் ஹூன் ஹூன்’ என்று கேலி செய்தவரையே தரானாவின் தந்தை ஆக்கிவிட்டோம்.

அந்தக் கவிதையில் இன்னொன்றும் இருக்கிறது. தான் தேர்ந்த இசைக்காரன் என்று அவரே சொல்கிறார். ஆகவே ‘இசைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை’ என்று என் முதல் குறிப்பிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது என் தவறு. இசை தெரிந்தவர், சந்தேகமில்லை. அந்த இசை ஏட்டில் ஏறவில்லை. காலியாக இருந்த அந்த ஏட்டில் பின்னால் வந்தவர்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டார்கள்.

ஜனவரி 25

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ‘மதுரையைக் கொள்ளையடித்தவர்களோடு வந்தவனைப் பற்றி இவ்வளவு கொஞ்சல் தேவையா?’

வந்தது உண்மை. 1311இல் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூரின் படையோடு வந்து பார்த்ததைக் குஸ்ரு ‘கஸாயினுல் புதூஹ்’ என்ற உரைநடை நூலில் எழுதியிருக்கிறார். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று உடம்பு சரியில்லை.

ஜனவரி 26

திருத்தம். நேற்று ‘வந்தது உண்மை’ என்று எழுதியது பிழை. காய்ச்சலில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில் அப்படித்தான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று நூலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அலாவுதீனோடு 1303இல் ராஜஸ்தானில் உள்ள சித்தூருக்குப் போனவர் குஸ்ரு. மாபர் படையெடுப்புக்கு அவர் வரவில்லை. டெல்லியில் இருந்தபடி, போர்க்களத்திலிருந்து வந்த வெற்றிச் செய்திகளை வைத்து எழுதினார்.

மாபர் என்பது நம் சோழமண்டலக் கரைக்கு அரபிகள் வைத்த பெயர்.

வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நேரில் பார்த்தவன் எழுதினால் அதில் கொஞ்சம் புழுதியாவது இருக்கும்.

ஜனவரி 27

இப்போது அந்த நூலைப் பற்றி.

முகமது ஹபீப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931இல் வெளிவந்தது. அதற்கு வரலாற்று முன்னுரை எழுதியவர் நம் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார். டெல்லியில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி என்னிடம் இருக்கிறது, செல்லரித்தது, முதுகில்லாதது. எனக்குப் பாரசீகம் தெரியாது. ஆங்கிலத்திலேயே மூச்சு வாங்கும். ஏனென்றால் குஸ்ரு நேராக ஒரு வாக்கியம் எழுதமாட்டார். ஒவ்வொரு பத்திக்கும் ஓர் உவமைக் குடும்பம் வைத்துக்கொள்வார். நீர் என்று எடுத்தால் அந்தப் பத்தி முழுக்க மழை, ஆறு, முத்து, படகு, மீன். சதுரங்கம் என்று எடுத்தால் அரசன், யானை, குதிரை, கட்டம். எதிரி சாவதும் அந்தக் குடும்பத்துக்குள்தான் சாக வேண்டும். காளமேகம் ஒரே பாட்டில் பாம்பையும் எள்ளையும் ஓட்டுவாரே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒரு நூல் முழுவதும் நீட்டிப் பாருங்கள்.

இந்த நடையில்தான் நம் ஊர் வருகிறது. சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அண்ணன் தம்பிச் சண்டையில் இருக்கிறார்கள். படை தெற்கே இறங்குகிறது. மழை கொட்டுகிறது, உடனே நீர்க் குடும்பம். ‘பிரஹ்மஸ்த்புரி’ என்று ஓர் ஊர், பொன் வேய்ந்த கோயில், அதன் அடித்தளம் வரை தோண்டினார்கள் என்கிறார். அந்த ஊர் சிதம்பரம்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்ரீரங்கம் என்பவர்களும் உண்டு. பிறகு மதுரை. அரசன் அரசியரோடு போய்விட்டான். ஊர் காலி. கோயிலில் இரண்டு மூன்று யானைகள் மட்டும். அந்த ஆத்திரத்தில் மாலிக் காபூர் கோயிலுக்குத் தீ வைத்தார். கடைசியில் வரவுக் கணக்கு: 512 யானை, 5,000 குதிரை, 500 மணங்கு ரத்தினம். பின்னால் எழுதிய பரணி இதே கொள்ளைக்கு 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு பொன் என்கிறார். கணக்கன் என்ற முறையில் குஸ்ருவின் தொகையை நான் அதிகம் நம்புகிறேன்.

அந்தப் பிரஹ்மஸ்த்புரிப் பகுதியை நான் முதலில் படித்தது ஒரு வியாழக்கிழமை மதியம். மாலையில் தர்காவுக்குப் போகவில்லை. அடுத்த வியாழனும் போகவில்லை. பொன்னம்பலத்தை நாங்கள் ‘கோயில்’ என்றுதான் சொல்வோம், ஊர்ப் பெயர்கூட வேண்டாம். அதன் அடித்தளத்தைத் தோண்டியதை ஒரு சிலேடையாகப் படிப்பது, நம் வீட்டுச் சாவு ஒருவருக்கு விடுகதையானதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் வாரம் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். பாட்டு நன்றாக இருந்தது.

ஜனவரி 28

மேலே ‘பரணி’ என்பது ஜியாவுதீன் பரணி, வரலாற்றாசிரியர். நம் இலக்கிய வகை இல்லை. இரண்டு பேர் குழம்பிவிட்டார்கள்.

ஜனவரி 29

அந்தக் குழப்பத்திலிருந்தே திருவாரூர் நண்பர் ஒரு கல்லை எடுத்து என்மேல் போட்டிருக்கிறார். ‘கலிங்கத்துப்பரணியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தீர்களா இல்லையா?’

செய்தேன். பரிசுகூட வாங்கினேன். கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததை ஜெயங்கொண்டார் பாட, போர்க்களத்துப் பிணங்களில் பேய்கள் கூழ் சமைக்க, ஓசை நயத்துக்கு ஆசிரியர் மேசையைத் தட்டித் தாளம் போட, நாங்கள் சிரித்தோம். கலிங்கத்தில் ஒருவர் இதை எப்படிப் படிப்பார் என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

இரண்டும் ஒன்றா? அப்படியும் சொல்ல மனம் வரவில்லை. ஜெயங்கொண்டாருக்குப் பேயாவது இருந்தது. படிக்கிறவன் இது கற்பனை என்று ஒதுங்க இடம் உண்டு. குஸ்ரு வரவேட்டில் யானைகளை எண்ணுகிறார். ஆனால் தொழில் ஒன்று. அரசன் வென்றான், நீ பாடு. இதை இரண்டு நாள் யோசித்தும் எனக்கு ஒரு பக்கமாகச் சாய முடியவில்லை.

ஜனவரி 30

குஸ்ருவுக்கே அந்தத் தொழில் இனிக்கவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 1298இல் தொடங்கி சில ஆண்டுகளுக்குள் ஐந்து நெடுங்கவிதைகள் எழுதினார். முந்தைய பாரசீகக் கவிஞர் நிஜாமி கஞ்சவி எழுதிய ஐந்துக்குப் பதில் ஐந்து. அவற்றில் மஜ்னூன்–லைலா கதைக்கு நடுவே புலம்புகிறார்: நிஜாமிக்கு ஓய்வு இருந்தது, கவிதை தவிர வேறு வேலை இல்லை; நானோ என்னைவிட எவ்விதத்திலும் உயராத ஒருவன் முன்னால் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கிறேன், வியர்வை பாதம்வரை ஓடினால்தான் சோறு.

அதே நூலில்தான் தாய்க்கும் தம்பிக்கும் இரங்கற்பா. 1298இல் ஒரே வாரத்துக்குள் இருவரும் போனார்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே முன்பு அவத்தில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு டெல்லி திரும்பியவர். உன் பாதத்தூசி எங்கே கிடந்தாலும் எனக்குச் சொர்க்கத்தின் அடையாளம் என்கிறார். வயது நாற்பத்தைந்து. இதில் சிலேடை விளையாட்டு அடங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பிலேயே தெரிகிறது.

ஆனால் இதே மனிதர் மகளுக்கு எழுதிய அறிவுரையும் இருக்கிறது. நீ பிறக்காமல் இருந்திருக்கலாம், பிறந்தும் ஆணாக இருந்திருக்கலாம் என்று தொடங்கி, விதியை ஏற்றுத் தன்னைத் தேற்றிக்கொண்டு, ஊசியும் நூற்கும் கதிரும்தான் உனக்கு ஈட்டியும் அம்பும், வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார் என்கிறார். என் மகளிடம் படித்துக் காட்டினேன். ‘இவருக்காகத்தான் வாராவாரம் போய் வந்தீர்களா அப்பா?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

பிப்ரவரி 1

கொஞ்சம் இலேசாக. குஸ்ருக்கள் கணக்கு:

கவிஞர் குஸ்ரு ஒருவர். சிதார் குஸ்ரு கான் ஒருவர். 1320இல் முபாரக் ஷாவைக் கொன்று சில மாதம் டெல்லியை ஆண்ட குஸ்ரு கான் ஒருவர். அவரைத் தோற்கடித்தவர் கியாசுதீன் துக்ளக், அதைப் பாடி ‘துக்ளக் நாமா’ எழுதியவர் கவிஞர் குஸ்ரு. கவிஞர் குஸ்ருவின் ஐந்து நெடுங்கவிதைகளில் ஒன்றின் நாயகன் பாரசீக அரசன் குஸ்ரு. ஜஹாங்கீரின் மகன் ஒரு குஸ்ரு. அலகாபாதில் பூங்காவாக இருக்கிறார். குஸ்ருவா, குஸ்ரோவா, குஸ்ராவா என்று எழுத்துப்பிழை பிடிக்கிறவர்கள் முதலில் எந்தக் குஸ்ரு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 2

ஹிந்தவியில், அதாவது அந்தக் காலத்து ஹிந்தியில், அவர் எழுதினாரா? எழுதினார். எழுதி நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டதாக அவரே ஒரு முன்னுரையில் சொல்கிறார். ‘நான் இந்தியாவின் கிளி, இனிமையாகப் பேச வேண்டுமானால் என்னிடம் ஹிந்தவியில் கேள்’ என்றும் சொல்கிறார். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். இன்று அவர் பெயரில் வாயில் புழங்கும் ஹிந்தவிப் பாடல்களுக்கு அவர் காலத்து ஏடு கிடையாது. நான் பதினொரு வருடம் கேட்ட ‘சாப் திலக்’ உட்பட.

நமக்கு இது புதிதா? ஔவையார் எத்தனை பேர்? அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும் ஆத்திசூடி எழுதியவரும் நாவல் மரத்தடியில் சுட்ட பழம் வாங்கியவரும் நம் பாட்டிகளுக்கு ஒரே கிழவிதான். ஒரு பெயர் பெரிதாகிவிட்டால் ஊரில் யார் சொன்ன நல்ல வரியும் அங்கேதான் போய்ச் சேரும்.

அப்படிச் சேர்ந்தவற்றில் எனக்குப் பிடித்த ஒரு வகை. தோழி ஒருத்தி சொல்வாள்: ‘வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான், வாயோடு வாய் வைத்துச் சாறு தருவான், அவனுக்காகக் காசையெல்லாம் செலவழித்தேன்.’ மற்றவள் கேட்பாள்: ‘யாரடி, உன் புருஷனா?’ ‘இல்லையடி, மாம்பழம்.’

இன்னொன்று. தாகமாகக் கிணற்றடிக்குப் போனாராம். நான்கு பெண்கள். நீ குஸ்ருதானே, பாட்டுக் கட்டினால்தான் தண்ணீர் என்றார்களாம். ஒருத்தி பாயசம் என்றாள், ஒருத்தி ராட்டை, ஒருத்தி நாய், ஒருத்தி மேளம். நாக்கு வறண்ட மனிதர் நான்கையும் ஒன்றாக்கினார்: ‘பாடுபட்டுப் பாயசம் வைத்தாய், ராட்டையை உடைத்து அடுப்பெரித்தாய்; நாய் வந்து தின்றுவிட்டுப் போயிற்று, நீ உட்கார்ந்து மேளம் கொட்டு. கொடு தண்ணீர்!’

அவர்தானா? ஹுக்காவைப் பற்றிக்கூட அவர் பெயரில் விடுகதை இருக்கிறது. புகையிலை இந்தியாவுக்கு வந்தது போர்ச்சுகீசியர் வந்த பிறகு. அவ்வளவுதான் சொல்வேன்.

பிப்ரவரி 4

மதுரைப் பகுதிக்குப் பிறகு படித்திருக்க வேண்டியது, இத்தனை நாள் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1318இல் எழுதிய ‘நுஹ் ஸிபிஹ்ர்’, ஒன்பது வானங்கள். மூன்றாம் வானம் முழுக்க இந்தியாவைப் புகழ்கிறது. பூச்சியத்தோடு எண்கள் இங்கே பிறந்தன, சதுரங்கம் இங்கே பிறந்தது, பஞ்சதந்திரக் கதைகள் இங்கிருந்து போயின. இந்திய இசை நெஞ்சையும் உயிரையும் எரிக்கும் நெருப்பு. வெளிநாட்டான் முப்பது நாற்பது ஆண்டுகள் இங்கே இருந்தாலும் ஒரு மெட்டை ஒழுங்காக வாசிக்க மாட்டான். (நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். வயலினில் எனக்கும் அதே நிலை.)

பிறகு மொழிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மொழி உண்டு என்று பட்டியல் தருகிறார்: சிந்தி, லாகூரி, காஷ்மீரி, குஜராத்தி, வங்காளி, அவதி, டெல்லி மொழி, திலங்கி, துவாரசமுத்திரத்து மொழி. நடுவில் ‘மாபரி’.

மாபரி என்றால் தமிழ். மதுரை எரிந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெற்றிலை போட்டேன். வெற்றிலையையும் அவர் புகழ்ந்திருக்கிறார், வேறொரு நூலில்.

பிப்ரவரி 6

கோபக்கார நண்பர் மறுபடி: ‘ஒரு பட்டியலில் பெயர் போட்டதற்காக மன்னித்துவிட்டீர்களா?’

மன்னிக்க நான் யார்? மாலிக் காபூர் என் வீட்டு யானையை ஓட்டிக்கொண்டு போகவில்லை. படித்ததைச் சொன்னேன்.

பிப்ரவரி 7

அவுலியாவைப் பற்றிச் சொல்லாமல் குஸ்ருவை முடிக்க முடியாது. அரண்மனைக்கு நிஜாமுதீன் போகவே மாட்டார். ஜலாலுதீன் கில்ஜி ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட நினைத்தார். குஸ்ரு முந்திக்கொண்டு குருவிடம் சொல்லிவிட்டார். குரு ஊரை விட்டே போய்விட்டார். சுல்தான் கூப்பிட்டுக் கேட்டதற்கு, ‘உங்களுக்குத் துரோகம் செய்தால் உயிர் போகும், அவருக்குச் செய்தால் ஈமான் (இறைநம்பிக்கை) போகும்’ என்றாராம். சூஃபி மரபில் வழங்கும் கதை. நம்பப் பிடித்திருக்கிறது.

கியாசுதீன் துக்ளக்குக்கும் அவுலியாவுக்கும் ஆகவில்லை. வங்காளத்திலிருந்து திரும்பும் சுல்தான், தான் வருவதற்குள் ஊரைக் காலி செய்யச் சொன்னார் என்றும், அவுலியா ‘டெல்லி இன்னும் தூரம்’ என்று மட்டும் பதில் சொன்னார் என்றும் கதை. வரவேற்புக்குக் கட்டிய மரமண்டபம் சரிந்து சுல்தான் செத்தது கதை இல்லை, வரலாறு. 1325.

அந்த வங்காளப் பயணத்தில் குஸ்ருவும் சுல்தானோடு போயிருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் அவுலியா காலமானபோது பக்கத்தில் இல்லை. திரும்பி வந்து சமாதியைப் பார்த்தவர் சொன்னதாக ஓர் ஈரடி: ‘கட்டிலில் உறங்குகிறாள், முகத்தில் கூந்தலை விரித்து; குஸ்ரு, வீட்டுக்கு நட, நாற்புறமும் இருட்டிவிட்டது.’ இதற்கும் ஏடு கிடையாது. ஆறு மாதத்தில், அக்டோபரில், அவரும் போனார். குருவின் காலடிப் பக்கம் கிடக்கிறார்.

வாயில் எப்போதும் வந்துவிடும் இந்த ஈரடியை நான் ஆராய்ச்சி செய்யப்போவதில்லை.

பிப்ரவரி 9

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார்: பையன் இந்த இழை முழுவதையும் அச்செடுத்து ஆசிரியரிடம் கொடுத்தானாம். ஒரு மதிப்பெண் கிடைத்ததாம். கணக்கு நேராயிற்று.

பிப்ரவரி 11, ரயிலில்

மகளுக்கு டெல்லியில் ஒரு தேர்வு, துணைக்கு நான். திருச்சியில் ஏறினோம். மதுரையிலிருந்து வருகிற வண்டி, போய் நிற்கும் இடம் ஹஸ்ரத் நிஜாமுதீன். மாலிக் காபூர் ஏப்ரலில் மதுரையை விட்டு அக்டோபரில் டெல்லி சேர்ந்தார். நமக்கு இரண்டு இரவு.

ஜன்னலுக்கு வெளியே கடுகு வயல்கள் மஞ்சளாகக் கிடக்கின்றன. தர்காவில் வசந்தம் கொண்டாடுவது இதே பூவை வைத்துத்தான். இளம் வயதில் இறந்த உறவுப் பையனுக்காக அவுலியா பேசாமல் சிரிக்காமல் இருந்தாராம். மஞ்சள் உடுத்திக் கடுகுப்பூவோடு கோயிலுக்குப் போன பெண்களைப் பார்த்த குஸ்ரு, தானும் மஞ்சள் உடுத்திப் பாடிக்கொண்டு போய் நிற்க, அவர் சிரித்துவிட்டாராம். மகளுக்குச் சொன்னேன். ‘இந்தக் குஸ்ரு பரவாயில்லை’ என்றாள்.

மதுரா வந்துவிட்டது. நம் மதுரையைக் குஸ்ரு எழுதியதும் ஏறக்குறைய இதே உச்சரிப்பில்தான். பேடா விற்கிறார்கள், ஒரு பெட்டி வாங்கினேன். வண்டி தாமதம். எதிர் இருக்கைக்காரர் ‘டெல்லி இன்னும் எவ்வளவு?’ என்று கேட்டார். அவுலியாவின் பதில் நாக்கு நுனி வரை வந்தது. சுல்தான்மேல் மண்டபம் விழுந்தது நினைவுக்கு வர, ‘இரண்டு மணி நேரம் ஐயா’ என்றேன்.